கிணற்றிலிருந்து குழாய்வரை: ஒன்ராறியோ கிராமப்புற வீடுகளில் குளிர்காலத் தண்ணீர்ப் பாதுகாப்பு

யாழ்ப்பாணத்தில் மார்கழி மாதத்து விடியற்காலையில் கிணற்றடியில் குளித்தவர்களுக்கு, பனிக்குளிரில் நடுங்கிக்கொண்டே தலையில் ஊற்றிய முதல் வாளித் தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது நினைவிருக்கும். நிலத்துக்குள் சில மீற்றர் ஆழத்துக்குக் கீழே வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை என்பதால், காற்று குளிரும்போது கிணற்றுத் தண்ணீர் சூடாகத் தோன்றுகிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் மண்ணுக்கு இதே குணம்தான். தென் ஒன்ராறியோவில் நிலத்தடி நீர் கோடையிலும் குளிர்காலத்திலும் ஏறக்குறைய 8 முதல் 10 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இருக்கும். வெளியே மைனஸ் 25 பாகைக்கு இறங்கிய இரவிலும், நூறு அடி ஆழத்தில் தொங்கும் பம்பைச் சுற்றியுள்ள தண்ணீருக்கு அந்தக் குளிர் எட்டுவதில்லை.

ஆகவே "கிணறு உறைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் உறைந்திருப்பது கிணற்றிலிருந்து சமையலறைக் குழாய்வரை தண்ணீர் வரும் வழியில் குளிர்ந்த காற்றோ உறைந்த மண்ணோ தொட்டுக்கொண்டிருக்கும் சில அடி நீளமாகவே இருக்கும். அந்தச் சில அடிகள் தம் வீட்டில் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்து, மண் இளகியிருக்கும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே அவற்றுக்கு வேண்டியதைச் செய்துவிட்டால், ஜனவரியில் செய்வதற்கு அதிகம் இருக்காது.

ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் நகரசபைத் தண்ணீரில் பழகிவிட்டு, நிலமும் தோட்டமும் வேண்டும் என்று நகரங்களுக்கு வெளியே வீடு வாங்கும் நம்மவர்களுக்கு ஒரு வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நகரத்தில் வீதிக்குழாய் உறைந்தால் நகரசபையைக் கூப்பிடலாம். கிணறு உள்ள வீட்டில் கூப்பிடுவதற்கு அப்படி எவரும் இல்லை. மாகாணத்தின் கிணறுகள் பற்றிய 903 ஆம் இலக்க ஒழுங்குவிதி, கிணற்றைப் பராமரிக்கும் பொறுப்பை அதன் உரிமையாளர்மீதே வைக்கிறது. நகரத்து வீடுகளுக்குச் சொல்லப்படும் குளிர்கால அறிவுரைகளில் சில, கிணறும் செப்டிக் தொட்டியும் உள்ள வீட்டில் கெடுதலாகவே முடியும் என்பதையும் பின்னர் பார்ப்போம்.

தண்ணீர் வரும் வழி

துளையிட்ட கிணறு உள்ள வீட்டில், முற்றத்தில் தெரிவது பெரும்பாலும் ஆறு அங்குல விட்டமுள்ள ஓர் இரும்புக் குழாயும் அதன்மேல் ஒரு மூடியும்தான். உள்ளே ஆழத்தில் நீர்மூழ்கிப் பம்ப் தொங்கும். பம்பிலிருந்து மேலே வரும் குழாய் தரைமட்டம்வரை வருவதில்லை; மண் உறையும் ஆழத்துக்குக் கீழேயே, பிற்லெஸ் அடப்டர் எனப்படும் பித்தளை இணைப்பின் வழியாகப் பக்கவாட்டில் திரும்பி, மண்ணுக்குள் புதைத்த கறுப்புப் பிளாஸ்டிக் குழாயில், வீட்டின் பேஸ்மென்ட் எனப்படும் நிலத்தடித் தளத்தின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். உள்ளே அழுத்தத் தொட்டியும், அழுத்தமானியும், பம்பைத் தொடக்கி நிறுத்தும் அழுத்த சுவிச்சும் இருக்கும்.

மண் எவ்வளவு ஆழத்துக்கு உறையும் என்பது இடத்தைப் பொறுத்தது. ரொறன்ரோவை அண்டிய பகுதிகளில் கட்டடங்களுக்கு 1.2 மீற்றர், அதாவது நான்கு அடி என்றும், ஒட்டாவாவில் 1.8 மீற்றர் என்றும் கணக்கு வைப்பார்கள்; வடக்கே போகப்போக இது கூடும். ஆனால் முற்றத்தின் எல்லா இடத்துக்கும் இதே கணக்குப் பொருந்தாது. புல்வெளிமேல் ஓரடி பனி கிடந்தால் அது போர்வை மாதிரி மண்ணின் சூட்டைக் காக்கும். கார் போகும் பாதையில் நாம் பனியை வழித்துவிடுவதாலும், சக்கரங்கள் நிலத்தை இறுக்கிவிடுவதாலும், அங்கே குளிர் மிக ஆழமாக இறங்கும். கிணற்றிலிருந்து வரும் குழாய் அந்தப் பாதையைக் குறுக்கே கடக்கிறதா என்பதைக் கிணற்றையும் பேஸ்மென்ட் சுவரில் குழாய் நுழையும் இடத்தையும் மனத்தால் ஒரு நேர்கோட்டில் இணைத்துப் பார்த்தாலே ஓரளவு ஊகிக்கலாம். கடக்கிறதென்றால், குழாய்க்கு மேலுள்ள பகுதியில் வண்டி நிறுத்துவதையும் பனியை அடியோடு வழிப்பதையும் தவிர்க்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. காற்றின் குளிர் மண்ணுக்குள் இறங்க வாரக்கணக்கில் எடுக்கும். ஜனவரியில் தப்பிய புதைகுழாய் பெப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ, வெளியே வெயில் அடிக்கத் தொடங்கிய பிறகு உறைவது இதனால்தான். கடுங்குளிரடித்த 2015 பெப்ரவரியில் ஒன்ராறியோவின் பல நகரங்களில் வீட்டு இணைப்புக் குழாய்கள் மண்ணுக்குள்ளேயே உறைந்தன. குளிர் தணிந்துவிட்டது என்று பாதுகாப்புகளை முன்கூட்டியே கழற்றுவது நல்லதல்ல.

வெட்டுக்கிணறு உள்ள வீடுகளில் நிலைமை சற்று வேறு. மூன்றடி விட்டமுள்ள கொங்கிறீற் வளையங்களால் கட்டிய இக்கிணறுகள் ஆழம் குறைந்தவை. பம்ப் பெரும்பாலும் பேஸ்மென்டிலோ தனியான பம்ப் கொட்டகையிலோ இருந்து தண்ணீரை உறிஞ்சும். கொட்டகையில் உள்ள பம்பின் வார்ப்பிரும்பு உடல் எப்போதும் தண்ணீர் நிறைந்தே இருப்பதால், ஒரேயோர் இரவு வெப்பம் நின்றாலும் உடல் வெடித்துவிடும்.

மூன்றாவது வகை, பழைய வீடுகளில் காணப்படும் கிணற்றுக்குழி. கிணற்றின் வாயைத் தரைக்குக் கீழே ஓர் அறையில் வைத்து, மேலே கொங்கிறீற் மூடி போட்டிருப்பார்கள். உறைபனியிலிருந்து காக்க அந்தக் காலத்தில் கண்டுபிடித்த வழி அது. ஆனால் வசந்தத்தில் பனி உருகும்போது அழுக்குத் தண்ணீர் குழிக்குள் நிறைந்து கிணற்றுக்குள் இறங்குவதற்கும் அதுவே வழியாகிறது. மூடியின் உட்புறத்தில் நுரைப்பலகை ஒட்டி இக்குளிர்காலத்தைச் சமாளிக்கலாம். நிரந்தரத் தீர்வு, உரிமம் பெற்ற கிணற்றுத் தொழிலாளரைக் கொண்டு கிணற்றுக் குழாயைத் தரைக்கு மேல் நீட்டிக் குழியை நிரப்புவதுதான். குழிக்குள் நீங்களாக இறங்காதீர்கள். மூடிக்கிடக்கும் குழியில் பிராணவாயு குறைந்திருக்கலாம். மயங்கி விழுந்தவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து விழுந்த கதைகள் எந்த நாட்டுக் கிணற்றுக்கும் உண்டு.

பனி விழுமுன் முற்றத்தில்

கிணற்று மூடியைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடக்கூடாது. போல்ட்டுகள் இறுக்கமாகவும், மூடியின் அடியிலுள்ள ரப்பர் வளையம் வெடிக்காமலும், காற்றுப்போகும் துவாரத்தின் வலை கிழியாமலும் இருக்க வேண்டும். குளிர் வரும்போது எலியும் பூச்சியும் ஒதுங்குவதற்குச் சூடான இடம் தேடும். ஆறு அங்குலக் குழாயின் வாய் அவற்றுக்கு நல்ல வீடு. கிணற்றுக் குழாய் தரைமட்டத்திலிருந்து குறைந்தது 40 சென்ரிமீற்றராவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. அதைச் சுற்றியுள்ள மண் வெளிப்புறமாகச் சரிந்து தண்ணீரை விலக்க வேண்டும்.

இங்கேதான் நல்லெண்ணத்தால் செய்யப்படும் தவறு ஒன்று அடிக்கடி நடக்கிறது. குளிர் தாக்கும் என்று கிணற்றுக் குழாயைச் சுற்றி வைக்கோல் அடுக்குவதும், பழைய போர்வையால் சுற்றிப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டுவதும், மண்ணைக் குவித்து மூடுவதும் தேவையற்றவை. பிற்லெஸ் அடப்டர் சரியான ஆழத்தில் இருந்தால் தரைக்கு மேலுள்ள குழாய்க்குள் உறைவதற்குத் தண்ணீரே இல்லை. வைக்கோல் எலியை அழைக்கும். பிளாஸ்டிக் தாள் காற்றுத் துவாரத்தை அடைக்கும். குவித்த மண் கிணற்றுக்குள் அழுக்கை இறக்கும்.

அதற்குப் பதிலாக, கிணற்றுக்குப் பக்கத்தில் ஐந்தாறு அடி உயரமான, பளிச்சென்ற நிறமுள்ள ஒரு கம்பை நட்டுவிடுங்கள். ஆழப் பனியில் கிணறு மறைந்து, பனி வழிக்கும் வண்டி அதில் மோதினால் குழாய் வளைவதோடு அடப்டரும் கழன்றுவிடக்கூடும். வழித்த பனியைக் கிணற்றைச் சுற்றிக் குவிக்க வேண்டாமென்று வண்டிக்காரரிடமும் சொல்லி வையுங்கள். அதில் உப்பும் எண்ணெயும் நாயின் கழிவும் கலந்திருக்கும், உருகும்போது அவை கிணற்றடியிலேயே இறங்கும்.

வெளிக்குழாய்களில் மாட்டியிருக்கும் தோட்டத்து ஹோஸ்களைக் கட்டாயம் கழற்ற வேண்டும். உறையாத வகைக் குழாய் என்று விற்கப்படுபவற்றுக்கும் இது பொருந்தும். அவை மூடிய பிறகு மிஞ்சிய தண்ணீரைத் தாமே வடித்துவிடுவதால்தான் உறையாதிருக்கின்றன. ஹோஸ் மாட்டியபடியே இருந்தால் தண்ணீர் வடியாது, சுவருக்குள் குழாய் வெடிக்கும். வெடித்தது ஏப்ரலில் முதன்முறை திறக்கும்போதுதான் தெரியவரும். வெளிக்குழாய்க்கென வீட்டுக்குள் தனி அடைப்பான் இருந்தால் அதை மூடி, வெளிவாயைக் குளிர்காலம் முழுவதும் திறந்தே விடுங்கள்.

பேஸ்மென்டில் ஒரு சுற்று

குழாய் சுவரைத் துளைத்து வரும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தால் காற்று உள்ளே வருகிறதா என்று தெரியும். சிறு இடைவெளியால் வரும் மைனஸ் 20 பாகைக் காற்று, பெரிய அறையின் சூட்டைவிட அந்த ஒரு சாண் குழாயை வேகமாகப் பாதிக்கும். தெளிக்கும் நுரையால் அதை அடையுங்கள். குளிரான மூலைகளில் ஓடும் குழாய்களுக்கு நுரை உறை போடலாம். ஆனால் உறை சூட்டை உண்டாக்குவதில்லை, இருக்கும் சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். வெளிச்சுவரை ஒட்டி ஓடும் குழாய்க்கும் அறைக்கும் நடுவே கண்ணாடிநாரைத் திணிப்பவர்கள், அறையின் சூட்டிலிருந்து குழாயைப் பிரித்துக் குளிரிடம் ஒப்படைக்கிறார்கள். நார் எப்போதும் குழாய்க்கும் வெளிச்சுவருக்கும் இடையில் இருக்க வேண்டும்.

அழுத்த சுவிச்சைத் தாங்கும் கால் அங்குலச் சிறுகுழாயை நான் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. நாங்கள் குடிவந்த முதற் குளிர்காலத்தில், ஜனவரி மாதத்து ஒரு காலையில் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தொலைபேசியில் பேசிய திருத்துநர் பம்ப் போய்விட்டது, கிணற்றிலிருந்து இழுத்து மாற்ற வேண்டும் என்று சில ஆயிரம் டொலர் கணக்குச் சொன்னார். உண்மையில் நடந்தது என்னவென்றால், முந்தைய நாள் யாரோ சரியாகச் சாத்தாமல் விட்ட பேஸ்மென்ட் சன்னலின் கீழே, பென்சில் பருமனுள்ள அந்தச் சிறுகுழாய் உறைந்திருந்தது. அதற்குள் தண்ணீர் ஓடுவதில்லை, தேங்கியே நிற்கும். ஆகவே பெரிய குழாய்கள் எல்லாம் தாங்கும் குளிரில் அது முதலில் உறையும். உறைந்தால் சுவிச்சுக்கு உண்மையான அழுத்தம் தெரியாது. பம்ப் தொடங்காமலே இருக்கலாம். அல்லது நிற்காமலே ஓடலாம். இரண்டாவது ஆபத்தானது; அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் பாதுகாப்பு வால்வு உங்கள் தொட்டியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிதுவட்டும் ஹேர் டிரையரைப் பத்து நிமிடம் பிடித்ததில் எங்கள் வீட்டில் தண்ணீர் வந்தது.

அழுத்தத் தொட்டியின் காற்றையும் இலையுதிர் காலத்திலேயே சோதிக்கலாம். மின்பலகையில் பம்புக்குரிய பிரேக்கரை நிறுத்தி, அடியிலுள்ள குழாயால் தண்ணீரை முழுதாக வடித்துவிட்டு, தொட்டியின் தலையிலுள்ள வால்வில் கார்ச் சக்கரத்துக்குப் பிடிக்கும் காற்றுமானியை வைத்துப் பாருங்கள். பிஎஸ்ஐ என்ற அழுத்த அளவில், பம்ப் தொடங்கும் அழுத்தத்தைவிட இரண்டு குறைவாகக் காற்று இருக்க வேண்டும். 40 இல் தொடங்கி 60 இல் நிற்கும் சுவிச் என்றால் 38. காற்றுக் குறைந்த தொட்டியில் பம்ப் நிமிடத்துக்கொரு முறை தொடங்கி நின்று தேயும், தேய்ந்த மோட்டர் கடுங்குளிர் நாளில்தான் கைவிடும். உறைந்த நிலத்தில் பம்பை இழுப்பது கோடையில் இழுப்பதைப் போல எளிதல்ல.

தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் மென்னீராக்கி, கிருமியைக் கொல்லும் புறஊதா விளக்கு, வடிகட்டி ஆகியவை வெப்பமில்லாத கராஜிலோ அதை ஒட்டிய அறையிலோ பொருத்தப்பட்டிருந்தால், அந்த இடத்தில் ஒரு வெப்பமானியை மாட்டி வையுங்கள். புறஊதா விளக்கைச் சுற்றியுள்ள கண்ணாடி உறை உறைபனியில் எளிதில் உடையும்.

வெப்பக் கம்பியும் பம்ப் கொட்டகையும்

எவ்வளவு மூடினாலும் உறையும் குழாய்க்கு மின்சார வெப்பக் கம்பி தேவைப்படும். இதில் இரண்டு வகை உண்டு. ஒரே அளவு சூட்டைத் தந்துகொண்டேயிருக்கும் மலிவான வகையைத் தன்மேல் தானே குறுக்காகப் படும்படி சுற்றினால் அந்த இடம் எரியத் தொடங்கலாம். குளிருக்கேற்பத் தன் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் வகை விலை கூடியது. வாங்குவதென்றால் அதையே வாங்குங்கள். பாதுகாப்புத் தரத்தைக் காட்டும் கனடாவின் சிஎஸ்ஏ முத்திரையும், பிளாஸ்டிக் குழாய்க்கு ஏற்றது என்ற குறிப்பும் இருக்க வேண்டும். மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் பாதுகாப்புப் பிளக்கிலேயே செருக வேண்டும். ஒவ்வொரு ஒக்டோபரிலும் செருகி, கம்பியைத் தொட்டுச் சூடாகிறதா என்று பார்த்துவிடுவது வழக்கமாக இருக்கட்டும். மண்ணுக்குள் ஆழமின்றிப் புதைந்த குழாய்க்கு, குழாய்க்குள்ளேயே செலுத்தும் குடிநீருக்கேற்ற வெப்பக் கம்பியும் கிடைக்கிறது. அதைத் தொழில் தெரிந்தவரே பொருத்த வேண்டும்.

பம்ப் கொட்டகையில் நூறு வாட் குண்டு விளக்கை எரியவிட்டுக் குளிரைச் சமாளிப்பது பழைய பழக்கம். விளக்கு எரிவது சன்னலில் தெரிந்தால் பம்ப் பத்திரம் என்று பொருள். வீட்டு விளக்குகளையெல்லாம் எல்ஈடியாக மாற்றிய உற்சாகத்தில் கொட்டகை விளக்கையும் மாற்றிவிட்டவர்களின் பம்ப், வெளிச்சத்துக்கு நடுவிலேயே உறைந்திருக்கிறது. எல்ஈடி விளக்கிலிருந்து வரும் சூடு சொற்பம். இப்போது செய்யக்கூடியது, தெர்மோஸ்டாட் உள்ள சிறு மின்ஹீற்றரைச் சுவரில் நிலையாகப் பொருத்தி, சுற்றி மூன்றடிக்குள் வைக்கோலோ பெட்டியோ இல்லாமல் பார்த்துக்கொள்வது. கொட்டகையின் சுவருக்கும் கூரைக்கும் நுரைப்பலகை அடித்திருந்தால் ஹீற்றர் அரிதாகவே ஓடும்.

குழாயைச் சொட்டவிடலாமா

கடுங்குளிர் இரவில் குழாயைச் சொட்டவிடுங்கள் என்பது நகரங்களில் எல்லோரும் சொல்லும் அறிவுரை. ஓடும் தண்ணீர் நிலத்தடியின் சூட்டைக் குழாய்க்குள் கொண்டுவருவது உண்மைதான். செப்டிக் தொட்டி உள்ள வீட்டில், நூல்போலச் சொட்டும் அந்தத் தண்ணீர் கழிவுக்குழாயில் மெல்ல ஊர்ந்துபோகும் வழியிலேயே குளிர்ந்து, படலம் படலமாக உறைந்து, சில நாட்களில் கழிவுக்குழாயையே அடைத்துவிடும். உள்ளே தண்ணீர் வந்து வெளியே போகாத வீடு, தண்ணீரே வராத வீட்டைவிடத் துன்பமானது. ஆகவே இரவு முழுவதும் சொட்டவிடுவதைவிட, படுக்கப்போகுமுன் ஒருமுறையும் அதிகாலையில் ஒருமுறையும் தண்ணீரைத் தாராளமாக ஓடவிடுவதும், துணி துவைக்கும் இயந்திரத்தை இரவில் ஓட்டுவதும் மேலானவை என்பது என் கருத்து. வெளிச்சுவரிலுள்ள கழுவுதொட்டியின் கீழ் அலுமாரிக் கதவுகளைத் திறந்துவிட்டால் அறையின் சூடு குழாயைத் தொடும்.

மின்சாரம் நின்றால்

மின்சாரம் நின்ற கணத்திலிருந்து கிணற்று வீட்டில் மிஞ்சுவது அழுத்தத் தொட்டியில் உள்ள சில வாளித் தண்ணீர் மட்டுமே. 1998 ஜனவரியில் கிழக்கு ஒன்ராறியோவையும் கியூபெக்கையும் தாக்கிய உறைமழைப் புயலில் சில கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. புயல் எச்சரிக்கை வந்தவுடன் குளியல்தொட்டியை நிரப்பிவிடுங்கள். கழிவறைக்கு அது போதும். குடிப்பதற்குத் தனியாகப் பாத்திரங்களில் பிடித்து வையுங்கள்.

மின்பிறப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் பம்பின் எண்களைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. நீர்மூழ்கிப் பம்புகளில் பெரும்பாலானவை 240 வோல்ட்டில் ஓடுபவை. 120 வோல்ட் மட்டும் தரும் சிறு பிறப்பாக்கி அவற்றுக்கு உதவாது. அரைக் குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஏறக்குறைய 1,000 வாட் எடுத்தாலும், தொடங்கும் கணத்தில் அதைப்போல் மூன்று மடங்கையோ அதற்கு மேலையோ கேட்கும். பிறப்பாக்கியை வீட்டு மின்பலகையுடன் இணைக்க, மின்தொழிலாளர் பொருத்திய மாற்றுச் சுவிச் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் வீதிக் கம்பிக்குத் திரும்பிப் போய், அதைத் திருத்திக்கொண்டிருப்பவரின் உயிரை எடுக்கும். குளிருக்குப் பயந்து பிறப்பாக்கியைக் கராஜுக்குள் வைக்காதீர்கள். கதவு திறந்திருந்தாலும் கார்பன் மொனொக்சைட்டு வீட்டுக்குள் வரும், அதற்கு மணமில்லை.

உறைந்துவிட்டால்

முதலில் பிரேக்கரையும், பிறகு அழுத்தமானியையும் பாருங்கள். மானி வழக்கமான அழுத்தத்தைக் காட்டியும் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால், தடை தொட்டிக்கும் குழாய்க்கும் இடையில், வீட்டுக்குள்ளே இருக்கிறது. ஒரே ஒரு குழாய் மட்டும் வரவில்லையென்றால் இடம் இன்னும் குறுகிவிடும். மானி பூச்சியத்தில் நின்றால், சுவிச்சின் சிறுகுழாயையும் மானியின் அடியையும் தொட்டுப் பாருங்கள். அவை உறையவில்லையென்றால் தடை கிணற்றுப் பக்கத்திலோ பம்பிலோ இருக்கலாம். பம்ப் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் வரவில்லை என்ற நிலையில் உடனே பிரேக்கரை நிறுத்திவிடுங்கள். நீர்மூழ்கிப் பம்பின் மோட்டரைக் குளிர்விப்பது ஓடும் தண்ணீர்தான். அடைபட்ட குழாயைத் தள்ளிக்கொண்டே நின்றால் மோட்டர் கருகும்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் விரிகிறது. பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீருக்குப் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறுவதாலேயே குழாய் வெடிக்கிறது; பனிக்கட்டி இருக்கும் இடத்தைவிட்டுச் சற்றுத் தள்ளி வெடிப்பதும் உண்டு. ஆகவே சூடாக்கத் தொடங்குமுன் குழாயைத் திறந்துவிட்டு, திறந்த பக்கத்திலிருந்து உறைந்த இடத்தை நோக்கி மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். ஹேர் டிரையர், வெந்நீரில் நனைத்த துணி, மின்சார ஒத்தடப்பை ஆகியவை போதும். எரிவாயுச் சுடர் கூடவே கூடாது. பேஸ்மென்டில் மரச்சட்டங்களுக்கு நடுவே சுடரைப் பிடித்து வீட்டையே இழந்தவர்கள் உண்டு. இளகிய பிறகும் அரை மணி நேரம் அங்கேயே நின்று பாருங்கள், ஏனெனில் வெடிப்பு பனி உருகிய பிறகுதான் தண்ணீராகத் தெரியும்.

மண்ணுக்குள் உறைந்த பிளாஸ்டிக் குழாய்க்கு வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் இல்லை. உலோகக் குழாய்க்கு வெல்டிங் இயந்திரத்தால் மின்சாரம் பாய்ச்சி இளக்கும் பழைய முறை பிளாஸ்டிக்கில் வேலை செய்யாது, உலோகத்திலும் தீவிபத்துக்கு வழியாகும். மெல்லிய குழாயைச் செலுத்தி வெந்நீரால் பனியைக் கரைக்கும் கருவியுடன் வருபவரைக் கூப்பிடுங்கள். இளக்கிய குழாய் அதே குளிர்காலத்தில் மறுபடியும் உறையும் என்பதால், மண் இளகும்வரை தண்ணீரை அடிக்கடி ஓடவிட வேண்டியிருக்கும்.

ஊருக்குப் போகும்போது

டிசம்பரில் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ ஒரு மாதம் போய்வருவது நம்மில் பலருக்கு வழக்கம். பூட்டிய வீட்டில் வெப்பமூட்டி நின்று குழாய் வெடித்தால், கிணற்றுப் பம்ப் நிற்கப்போவதில்லை. நிமிடத்துக்கு இருபது முப்பது லீற்றராகப் பேஸ்மென்டுக்குள் இறைத்துக்கொண்டேயிருக்கும். பல காப்புறுதி ஒப்பந்தங்கள், குளிர்காலத்தில் சில நாட்களுக்கு மேல் வீட்டைவிட்டுப் போவதானால் தினமும் ஒருவர் வந்து பார்க்க வேண்டும் அல்லது தண்ணீரை நிறுத்தி வடித்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. உங்களுடையது என்ன சொல்கிறது என்று விமானச்சீட்டு எடுக்கும்போதே பாருங்கள்.

வெப்பமூட்டி ஓடும் வீடென்றால் பம்பின் பிரேக்கரை நிறுத்தி, குழாய்களைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது பெரும்பாலும் போதும். வெப்பத்தையும் நிறுத்தி மூடும் கொட்டேஜ் எனப்படும் விடுமுறை வீடு போன்ற இடத்தில் முழுதாக வடிக்க வேண்டும். பம்பை நிறுத்துங்கள்; வெந்நீர்த் தொட்டியின் மின்சாரத்தை அல்லது எரிவாயுவை அதை வடிக்குமுன் நிறுத்துங்கள், வெறுந்தொட்டியில் மின்கம்பிச்சுருள் நொடியில் கருகிவிடும். பிறகு அழுத்தத் தொட்டியையும் வெந்நீர்த் தொட்டியையும் வடித்து, எல்லாக் குழாய்களையும் திறந்து, மிகத் தாழ்ந்த இடத்திலுள்ள வடிகுழாயால் மிச்சத்தை வெளியேற்ற வேண்டும். பள்ளங்களில் தங்கும் தண்ணீரை ஏறக்குறைய 40 பிஎஸ்ஐ அழுத்தமுள்ள காற்றால் ஊதித் தள்ளலாம். தரைக்கு மேலிருக்கும் உறிஞ்சு பம்பென்றால் அதன் அடியிலுள்ள வடிமூடியைக் கழற்றி, தொலையாமல் பம்பிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். கழிவறைத் தொட்டியைக் காலியாக்கிய பிறகு, கழுவுதொட்டிகளின் வளைகுழாய்களிலும் கழிவறைக் கிண்ணத்திலும் புரோப்பிலீன் கிளைக்கோல் கொண்ட இளஞ்சிவப்பு உறைதடுப்பானை ஊற்றுங்கள். காருக்கு ஊற்றும் எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. அதை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். எந்த வகை உறைதடுப்பானும் கிணற்றுக்குள் போகக்கூடாது.

திரும்பி வந்ததும் வரிசையைத் திருப்பிப்போட வேண்டும். வடிகுழாய்களை மூடி, பம்பைத் தொடக்கி, ஒவ்வொரு குழாயிலும் காற்று நின்று தண்ணீர் சீராக வந்த பிறகு, வெந்நீர்த் தொட்டி நிரம்பியதை உறுதிசெய்துகொண்டே அதன் மின்சாரத்தைப் போட வேண்டும்.

பனி உருகிய பிறகு

உருகும் பனி தோட்டத்து எருவையும் வீதியின் உப்பையும் சேர்த்துக்கொண்டு தாழ்ந்த இடம் தேடி ஓடும். ஒன்ராறியோவின் வாக்கர்ட்டன் ஊரில் 2000 மே மாதத்தில் கனமழைக்குப் பின் பண்ணை எருவின் ஈகோலை கிருமி ஆழம் குறைந்த ஊர்க்கிணறு ஒன்றில் கலந்து, ஏழு பேர் இறந்து, 2,000 பேருக்கு மேல் நோயுற்றனர். அது ஊர்ப் பொதுக்கிணறு. ஆனால் மேற்பரப்பு நீர் புகுந்த எந்தக் கிணற்றுக்கும் அதே ஆபத்துத்தான். மூடி, ரப்பர் வளையம், சுற்றியுள்ள மண்சரிவு ஆகியவற்றை ஏப்ரலில் மறுபடி பாருங்கள். உறைந்து இளகிய மண் குழாயைச் சுற்றி இறங்கிப் பள்ளமாகியிருந்தால் களிமண் இட்டு நிரப்புங்கள்.

தனியார் கிணற்றுத் தண்ணீரில் ஈகோலையும் கோலிஃபோம் கிருமிகளும் உள்ளனவா என்று மாகாணப் பொதுச் சுகாதார ஆய்வுகூடங்கள் இலவசமாகச் சோதித்துத் தருகின்றன. உள்ளூர்ச் சுகாதார அலுவலகத்தில் போத்தலை வாங்கி, குழாய்வாயிலுள்ள வலையைக் கழற்றி, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். போத்தலுக்குள் இருக்கும் வெள்ளைத் தூள் அழுக்கல்ல, குளோரினை முறிக்க வைத்தது, அதைக் கழுவிவிடாதீர்கள். பிடித்த போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் ஒப்படைத்து, முடிவு வரும்வரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.